உண்ணிக்குள் ஒரு பட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காட்டோரமாக என் பெரியப்பாவுக்கு ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மாடுகள் பட்டிக்குத் திரும்பும் மாலையில், கைக்கு அகப்பட்ட மாட்டின் காதை மடித்துப் பார்ப்பார். காதின் உட்புறம், வாலடி, மடிக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோல் ஆகியவைதாம் உண்ணி விரும்பிக் குடியேறும் இடங்கள். சாம்பல் நிறத்தில் உப்பித் தொங்கும் பெண்ணுண்ணியை ஒரு திருகுத் திருகிப் பிடுங்கிச் சிரட்டையில் போடுவார். சிரட்டை பாதி நிறைந்ததும் தணலில் கொட்டுவார். சோளம் பொரிவது போலச் சத்தம் வரும். சிறுவர்களான எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அந்தச் சிரட்டையைப் பார்த்தால் யாரோ ஆமணக்கு விதை பொறுக்கி வைத்திருப்பதாகத்தான் தோன்றும். இது என் கற்பனை மட்டுமல்ல. ஆமணக்கின் அறிவியல் பெயரான 'ரிசினஸ்' இலத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல். விதையைப் பார்த்தவர்கள் உண்ணியின் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார்கள்.

தணலில் வெடித்தது மாட்டின் இரத்தம் என்றுதான் நினைத்திருந்தோம். உண்மையில் ஒவ்வோர் உண்ணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பட்டி அடைந்து கிடக்கிறது. பல இனப் பற்றீரியாக்கள், ஓர் இனத்துக்குள்ளேயே பல குடிகள். அவற்றுள் சில உண்ணிக்குச் சோறு போடுபவை, சில மாட்டைக் கொல்பவை, சில மனிதருக்குக் காய்ச்சல் தருபவை. இன்னும் சில என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சியாளர்களே கையை விரிக்கிறார்கள். இந்தக் கூட்டம் ஏன் இத்தனை வேறுபட்டுக் கிடக்கிறது, அந்த வேறுபாட்டை எப்படி வாசிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். 'உண்ணிக்காய்ச்சல்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் தாராளமாகப் புழங்குகிறது. பெரும்பாலும் அப்படிச் சொல்லப்படுவது 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற நோய். அதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் நாம் பார்க்கும் உண்ணி அல்ல, புல்லிலும் பற்றையிலும் வாழும் மிகச் சிறிய சிலந்திப் பேனின் குஞ்சு. கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அதன் பற்றீரியா 'ஓரியென்சியா'. இரண்டாம் உலகப் போரில் எம்பிலிப்பிட்டியப் பக்கம் பயிற்சிக்கு வந்த படையினரை 1944இல் படுக்கையில் தள்ளியதும் இதுவே. மெய்யான உண்ணி தரும் காய்ச்சல் வேறு. அதற்குக் காரணம் 'ரிக்கெட்சியா' என்ற பற்றீரியாக் குடும்பம். மலைக் காய்ச்சல் ஒன்றை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906இல் அமெரிக்காவில் காட்டிய ஹோவார்ட் ரிக்கெட்ஸின் பெயர் அதற்கு. நான்கு ஆண்டுகள் கழித்து மெக்சிகோவில் டைபஸ் நோயை ஆராயப்போன இடத்தில் அதே நோய்க்கு அவர் பலியானார். இந்த இரண்டு காய்ச்சலும் ஒரே மருந்துக்கு மசியும் என்பதால் ஊரில் பெயர் குழம்பியதில் பெரிய கேடு வரவில்லை. ஆனால் இங்கே நாம் பேசப்போவது உண்ணியை மட்டும்.

உண்ணிக்கு வாழ்நாள் முழுதும் ஒரே உணவுதான், இரத்தம். முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், அடுத்த பருவத்திலிருந்து எட்டுக் கால். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை வயிறு நிறையக் குடித்துத் தோலுரித்து வளர்கிறது. மாட்டுண்ணி இந்தப் பருவங்கள் எல்லாவற்றையும் ஒரே மாட்டின் மேலேயே ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடித்துவிடும். கடைசியில் கீழே விழும் பெண்ணுண்ணி இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டையிட்டுவிட்டுச் சாகும். நாயுண்ணி அப்படியல்ல. ஒவ்வொரு பருவத்திலும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலோ திண்ணைக் கீழோ ஒளிந்திருந்து தோலுரித்துவிட்டு வேறொரு நாயில் ஏறும். பன்றியிலும் மரையிலும் வளரும் காட்டுண்ணிகளோ குஞ்சுப் பருவத்தில் எது வந்தாலும் ஏறிக்கொள்ளும், மனிதர் உட்பட. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போய்வந்தவர் காதுக்குள் ஏதோ குறுகுறுக்கிறது என்று வைத்தியரிடம் போக, உள்ளே ஓர் உண்ணி இருக்கும். காட்டுப்பன்றியில் வாழும் 'டெர்மசென்டர்' இன உண்ணியின் இளம்பருவம் இப்படி மனிதக் காதில் குடியேறுவது இலங்கையில் நன்கு அறியப்பட்ட சங்கதி.

இரத்தம் மட்டும் குடித்து எப்படி உயிர் வாழ்வது? இரத்தத்தில் புரதமும் இரும்பும் கொட்டிக் கிடக்கின்றன. பி வகை விற்றமின்களோ மிகக் குறைவு. அந்தக் குறையை உண்ணி தானாகத் தீர்க்க முடியாது. தீர்த்து வைப்பது அதன் உடலுக்குள் வாழும் பற்றீரியா. பயோட்டின், ரைபோஃபிளேவின், ஃபோலிக் அமிலம் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் இந்தக் குடியிருப்பாளர்களில் முக்கியமானவை 'கொக்சியெல்லா' வகையும் 'பிரான்சிசெல்லா' வகையும். ஆப்பிரிக்க உண்ணி ஒன்றுக்கு மருந்து கொடுத்து உள்ளிருந்த பிரான்சிசெல்லாவைக் கொன்று பார்த்தார்கள். உண்ணி வளரவில்லை. பி விற்றமின்களைக் கலந்து இரத்தம் கொடுத்ததும் மீண்டும் வளர்ந்தது. 2018இல் வெளியான ஆய்வு இது. ஆக, நம் கண்ணுக்கு ஒட்டுண்ணியாகத் தெரியும் உண்ணியே இன்னொன்றை நம்பிப் பிழைப்பு நடத்துகிறது.

இந்த வேலைக்காரப் பற்றீரியாக்களின் மரபணுத் தொகுதியைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நம் குடலிலுள்ள ஈ.கோலை பற்றீரியாவின் மரபு நூல் சுமார் 46 இலட்சம் எழுத்துகள் கொண்டது. ரிக்கெட்சியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 11 முதல் 15 இலட்சம் வரைதான். அமெரிக்க உண்ணி ஒன்றிலுள்ள கொக்சியெல்லாவுக்கோ ஏறக்குறைய ஆறரை இலட்சம். வெளியில் தனியாக வாழ வேண்டிய தேவை போனதும், வேண்டாத மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்துவிட்டன. பாதுகாப்பான வீட்டுக்குள் பல காலம் இருந்தவர் வெளிவேலை எல்லாம் மறந்துபோனது போலத்தான். ஆனால் விற்றமின் செய்யும் மரபணுக்கள் மட்டும் உதிரவில்லை. அவை உதிர்ந்தால் உண்ணி சாகும், உண்ணியோடு அதுவும் சாகும்.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. கொக்சியெல்லா என்ற பெயரைக் கேட்டதும் கால்நடை வைத்தியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் 'கியூ காய்ச்சல்' தரும் பற்றீரியாவும் கொக்சியெல்லாவே. 1937இல் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளரிடம் எட்வர்ட் டெரிக் இனங்கண்ட நோய் அது. ஆடு ஈனும்போது வெளிவரும் நீரிலும் நச்சுக்கொடியிலும் பெருகி, காற்றோடு மூச்சில் ஏறும். உலகெங்கும் உண்ணிகளிலிருந்து எடுத்த கொக்சியெல்லாக்களின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, நோய் தரும் இந்த இனம், உண்ணிக்கு விற்றமின் கொடுக்கும் சாதுவான இனங்களின் நடுவிலிருந்து பிற்காலத்தில் பிரிந்த ஒரு கிளை என்று தெரிந்தது. வேலைக்காரன் வீட்டை விட்டு வெளியேறிக் கொள்ளைக்காரன் ஆகியிருக்கிறான். பிரான்சிசெல்லாவில் நடந்தது தலைகீழ். அங்கே நோய் தந்து திரிந்த முன்னோரின் வழியில் வந்த ஒன்று உண்ணிக்குள் அடங்கி வேலைக்காரனாகியிருக்கிறது. இன்று தீங்கற்றது என்று எழுதி வைக்கும் பற்றீரியா எப்போதும் அப்படியே இருக்கும் என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

சரி, இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எப்படி? நுண்காட்டியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகள். இங்கேதான் பெரியப்பா எனக்குப் பயன்படுகிறார். வன்னியில் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் உண்டு. உடையவரின் பெயர் எழுத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தொடையிலோ விலாவிலோ சுடுவார்கள். கட்டாக்காலியாகத் திரியும் மாட்டைத் தூரத்தில் கண்டாலும் பெரியப்பா எழுத்தைப் பார்த்து, இது இன்னாருடைய பட்டி, இன்ன குளத்தடி மாடு என்று சொல்லிவிடுவார். பற்றீரியாவில் குறியைச் சுடுவது காலம். மரபு நூலைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிசகுகிறது. பிசகியது அப்படியே வழிவழியாக வருகிறது. அந்தப் பிசகுகளை வாசித்தால் எந்தக் குடி என்று சொல்லலாம்.

உண்ணியைப் பிடுங்கியதும் செறிந்த மதுசாரம் உள்ள சிறு போத்தலில் போடுவார்கள். காட்டிலென்றால் வெள்ளைத் துணியொன்றைப் புல்லின் மேல் மெல்ல இழுத்துச் செல்வார்கள். துணியில் ஏறி ஒட்டும் எள்ளளவு குஞ்சுகளை இடுக்கியால் எடுப்பார்கள். மேற்பரப்பைக் கழுவி, நசுக்கி, டி.என்.ஏ.யைப் பிரித்து, கொவிட் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான அதே பி.சி.ஆர். முறையில் வேண்டிய துண்டை மட்டும் பெருக்குவார்கள். பிறகு எழுத்து எழுத்தாக வாசித்து, உலகப் பொது மரபணு வங்கியிலுள்ள வரிசைகளோடு ஒப்பிடுவார்கள்.

எந்தத் துண்டை வாசிப்பது என்பதில்தான் சூட்சுமம். எல்லாப் பற்றீரியாவிலும் உள்ள '16எஸ்' என்ற மரபணு சுமார் 1,500 எழுத்து நீளமானது, மிக மெதுவாக மாறுவது. 'இது ரிக்கெட்சியா' என்று சொல்ல அது போதும். எந்த ரிக்கெட்சியா என்று கேட்டால் திணறும், ஏனென்றால் இனத்துக்கு இனம் அதில் ஒரு சில எழுத்துகளே வேறுபடும். அதற்கு வேகமாக மாறும் மரபணுக்கள் வேண்டும். பற்றீரியாவின் வெளிச்சுவரிலுள்ள புரதங்களின் மரபணுக்கள் அப்படிப்பட்டவை. பற்றீரியா குடியிருக்கும் விலங்கின் நோயெதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படும் இடம் அதுவாகையால் அங்கே மாற்றம் அதிகம். நாயுண்ணி பரப்பும் 'ரிக்கெட்சியா கொனோரி' என்ற ஒரே இனத்துக்குள் மத்தியதரைக்கடற் பகுதிக்கு ஒன்று, இஸ்ரேலுக்கு ஒன்று, காஸ்பியன் கடலோரத்துக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என நான்கு துணையினங்களைப் பிரித்தது இத்தகைய மரபணுக்களை வாசித்துத்தான். ஊருக்கு ஊர் குறி எழுத்து மாறுவது போல.

எந்த மரபணுவில் எவ்வளவு வேறுபாடு என்று அட்டவணை போட்டுவிட்டு நின்றுவிடும் கட்டுரைகள் ஏராளம். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் பற்றீரியா அடுத்த தலைமுறை உண்ணிக்கு எந்த வழியால் போகிறது என்பது. என் கணிப்பில் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஒரு வழி தாய்வழி. விற்றமின் கொடுக்கும் கொக்சியெல்லாவும் ரிக்கெட்சியாக்களில் பலவும் தாயுண்ணியின் சூலகத்துக்குள் புகுந்து முட்டையோடு பிள்ளைக்குப் போகின்றன. தாயிடமிருந்து ஒரு முட்டைக்குள் போவது மிகச் சில பற்றீரியாக்களே. ஒவ்வொரு தலைமுறையும் ஊசிக்காது வழியாக நுழைந்து வருவது போன்றது இது. அதனால் ஒரே தாய்வழி உண்ணிகளில் பற்றீரியாவும் ஏறக்குறைய ஒரே அச்சாக இருக்கும். உண்ணியின் இனம் மாறினால்தான் பற்றீரியாவின் குறியும் தெளிவாக மாறும். உடும்பில் ஏறும் உண்ணிக்குள் இருப்பதையும் மாட்டில் ஏறும் உண்ணிக்குள் இருப்பதையும் ஒரே காட்டில் எடுத்தாலும், குறி வேறுபடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். வேறு வேறு உண்ணிகளுக்கிடையில் இந்தப் பற்றீரியாக்கள் இடையிடையே தாவியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அது நெடுங்காலத்தில் எப்போதோ நடப்பது.

மற்ற வழி மாட்டு வழி. மாட்டின் செங்குருதிக் கலத்துக்குள் வாழும் 'அனப்பிளாஸ்மா மார்ஜினாலே' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1910இல் தென்னாபிரிக்காவில் ஆர்னல்ட் தைலர் இதை விவரித்தார். இது தாயுண்ணியிடமிருந்து முட்டைக்குப் போவதாகக் கொள்ளப்படுவதில்லை. உண்ணி ஒவ்வொரு தலைமுறையும் நோய்கொண்ட மாட்டின் இரத்தத்திலிருந்தே இதைப் புதிதாகப் பெற வேண்டும். மாட்டுக்கு மாடு தாவும் ஆணுண்ணிகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. கடிக்கும் ஈயும், கழுவாமல் மாடு மாடாகப் போடும் ஊசியும்கூடக் காவும். எனவே இந்தப் பற்றீரியா பிழைத்திருப்பது மாட்டின் உடலில் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்காக அது கையாளும் தந்திரம் அசாத்தியமானது. வெளிச்சுவர்ப் புரதமொன்றுக்கு அதனிடம் ஓர் இயங்கும் மரபணு உண்டு. பக்கத்தில் அரைகுறைப் பிரதிகள் பல கிடக்கும். மாட்டின் எதிர்ப்புச் சக்தி ஒரு சட்டையை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கும்போது, அரைகுறைப் பிரதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி இயங்கும் மரபணுவில் ஒட்டிய ஒன்று வேறு சட்டையோடு தப்பிப் பெருகும். சில வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் சட்டை மாற்றியபடி மாட்டின் வாழ்நாள் முழுதும் இருந்துவிடும். ஒரு மாட்டுக்குள்ளேயே அத்தனை முகம்.

முகம் மாறினாலும் குடியைப் பிரித்தறிய இன்னொரு மரபணு இருக்கிறது. அதில் 28, 29 அமினோ அமிலம் கொண்ட துண்டொன்று மணிமாலை போலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை மணி, எந்த வரிசையில் எந்த மணி என்பது குடிக்குக் குடி வேறு. குறி எழுத்துக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைக்காது. மாடுகள் வெளியூரிலிருந்து வந்துகொண்டே இருக்கும் நாட்டில் பலவகை மாலைகள் கிடைக்கும். புதிய மாடு வராமல் அடைபட்ட பட்டியில் ஒரு சில மாலைகளே சுற்றிவரும்.

வன்னியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரில் மக்கள் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவின் மேற்கிலிருந்தும் கடலை நோக்கி ஒடுங்கியபோது, கூட்டிச்செல்ல முடிந்த மாடுகளைக் கூட்டிச் சென்றார்கள். முடியாதவற்றைப் பட்டி திறந்து விட்டுவிட்டார்கள். பல பட்டிகளின் மாடுகள் ஒன்றாகக் கலந்தன. ஆளில்லாத ஊர்களிலும் காட்டோரங்களிலும் கட்டாக்காலிகளாகத் திரிந்தன, மரையும் பன்றியும் நடந்த தடத்திலேயே நடந்தன. மீள்குடியேற்றத்தின் பின் வெளி மாவட்டங்களிலிருந்து கலப்பின மாடுகள் வந்தன. உண்ணிக்குள் இருக்கும் தாய்வழிப் பற்றீரியாவுக்கு இதெல்லாம் பெரிய செய்தி அல்ல. மாட்டு வழிப் பற்றீரியாவுக்கோ இது பெரும் கலப்பு. அதன் குறிகளை ஊர் ஊராக வாசித்தால் மாடுகள் போன பாதையும் வந்த பாதையும் அதில் தெரியவேண்டும்.

வெறும் வரலாற்று ஆர்வத்துக்காக இதைச் சொல்லவில்லை. அனப்பிளாஸ்மா தொற்றினால் கன்றுகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வளர்ந்த மாடுதான் சாகும். உண்ணி நிறைந்த காட்டோரத்தில் பிறந்த நாட்டு மாடு கன்றிலேயே தொற்றைக் கண்டு தேறியிருக்கும். உண்ணி குறைந்த தொழுவத்தில் வளர்ந்த கலப்பினப் பசுவைக் கடன்பட்டு வாங்கிவந்து அதே மேய்ச்சல் தரையில் விட்டால், சில வாரத்தில் காய்ச்சல், வெளிறிய கண், மஞ்சள் பூத்த ஈறு. 'இந்த மண் அதற்கு ஒத்துவரவில்லை' என்பார்கள். மூத்திரம் சிவந்து போனால் அது பெரும்பாலும் பபேசியா, பற்றீரியா அல்ல, அதே உண்ணி காவும் வேறொரு கிருமி. சிவக்காமல் மஞ்சளானால் அனப்பிளாஸ்மாவை நினைக்க வேண்டும். காலத்தோடு பார்த்தால் டெட்ராசைக்கிளின் வகை மருந்து மாட்டைக் காப்பாற்றும். தீவிரம் குறைந்த நெருங்கிய இனமொன்றைக் கன்றுகளுக்கு ஏற்றிப் பாதுகாக்கும் முறை தைலரின் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு குடிக்கு எதிரான பாதுகாப்பு மற்றக் குடிக்கு எதிராக அரைகுறையாகவே நிற்கும். குறி தெரியாமல் தடுப்பு மருந்து தேடுவது இருட்டில் மாடு தேடுவதுதான்.

மனிதர் விடயத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. காய்ச்சல்காரரின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை, ரிக்கெட்சியாக் குடும்பத்தில் யாரோ ஒருவர் வந்துபோனார் என்று மட்டும் சொல்லும். உறவினர் எல்லோருக்கும் முகச்சாடை ஒன்று என்பதால் ஆளைப் பெயர் சொல்லிக் காட்டாது. கடித்த இடத்தின் பொருக்கிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மரபணுவை எடுத்து வாசித்தால்தான் ஆள் தெரியும். மருத்துவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தவுடனே டொக்சிசைக்கிளின் தொடங்குவதே நடைமுறை, பென்சிலின் வகை மருந்து இவற்றிடம் எடுபடாது. காட்டுக்கோ பட்டிக்கோ போய்வந்ததைக் காய்ச்சல்காரர் வாயைத் திறந்து சொல்வது இங்கே பாதி வைத்தியம்.

இணையத்தில் உண்ணி என்று தேடினால் உண்ணி பரப்பும் லைம் என்ற நோய் பற்றிய பயமுறுத்தல்கள்தான் வரிசையாக வரும். அது வட அமெரிக்கா, ஐரோப்பா போன்ற குளிர்நாட்டுக் காடுகளில் வாழும் 'இக்சோடீஸ்' உண்ணிகளின் கதை. முதுகில் வட்டமாகச் சிவந்த படத்தைப் பார்த்து முல்லைத்தீவில் இருப்பவர் நடுங்க வேண்டியதில்லை.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். உண்ணிக்குள் ஒரு பற்றீரியாவின் டி.என்.ஏ. இருந்தது என்பதும், அந்த உண்ணி அதைப் பரப்புகிறது என்பதும் ஒன்றல்ல. நேற்றுக் குடித்த மாட்டின் இரத்தத்தோடு அது வயிற்றுக்குள் போயிருக்கலாம், நாளை செரித்துவிடலாம். தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வந்த பின்னும் இருக்கிறதா, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஏறியிருக்கிறதா, அடுத்த விலங்குக்குப் போகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே குற்றம் சாட்டலாம். செத்த பற்றீரியாவும் பி.சி.ஆரில் உயிரோடிருப்பது போலவே தெரியும். 'உண்ணியில் புதிய ஆபத்தான கிருமி' என்று தலைப்புப் போடும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த முதற்படியிலேயே நின்றுவிட்டவை.

மீளக் குடியேறிய 2010இல் பெரியப்பாவுக்குப் பழைய பட்டியில் ஏழு மாடுகள் திரும்பக் கிடைத்தன. எட்டாவதாக ஒரு பசு அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சிவலை, ஒரு கொம்பு முறிந்தது, இடது தொடையில் குறி. அவர் கிட்டப் போய் மயிரை ஒதுக்கி, வடுவின் மேல் விரலை ஓட்டினார். முதலெழுத்துத் தெரிந்தது, அடுத்த எழுத்தின் மேல் ஏதோ காயம் ஆறிய தழும்பு. ஒட்டுசுட்டான் எழுத்தும் இல்லை, நெடுங்கேணி எழுத்தும் இல்லை. மன்னார்ப் பக்கமாக இருக்கலாம் என்றார். சந்தைக்கு வருகிறவர்களிடம் ஓர் ஆண்டு முழுதும் விசாரித்தார். தேடி ஒருவரும் வரவில்லை. அந்த மாலைகளிலும் வழக்கம்போலச் சிவலையின் காதை மடித்து உண்ணி பிடுங்கினார், மற்ற ஏழின் உண்ணியோடு அதே சிரட்டையில் போட்டார், தணலில் கொட்டினார்.